மூன்றில் ஒரு வாக்கு

கருவி பழுதுபட்டால் கெட்ட உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்தினால் போதும் என்பது இக்காலத்தார் பலரின் எண்ணம். கைக்கடிகாரம் நின்றால் வேறொன்று வாங்குகின்றனர். மின்விசிறி ஓடாவிட்டால் குப்பையில் இடுகின்றனர். வீட்டளவில் இவ்வெண்ணத்தால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால் ஒரு நகரத்தின் விளக்குகளையெல்லாம் ஏற்றி வைக்கும் பெருஞ்சுழலியின் முன் நிற்பவன் இவ்வாறு எண்ணத் தொடங்கினால், விளைவு அவனோடு நின்றுவிடுவதில்லை. மாற்றுதல் வேறு, சீர்செய்தல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவை உணர்ந்தவர் சிலர், மின்நிலையங்களின் கட்டுப்பாட்டு அறைகளில் ஊரறியாது உழைத்து வருகின்றனர். அவர்களுடைய தொழிலில் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் பயன்படும் பாடம் ஒன்று அடங்கிக் கிடக்கிறது.

எரிவாயுச் சுழலியின் தத்துவம் எளியது. அது காற்றை உள்ளிழுத்து அழுத்துகிறது. அழுத்திய காற்றில் எரிவாயுவைக் கலந்து எரிக்கிறது. எரிந்து விரிந்த வாயு இதழ்களைத் தள்ள, அச்சு சுழல்கிறது. அச்சோடு இணைந்த மின்னாக்கி மின்சாரம் தருகிறது. டர்பைன் என்றே பணியாளர் இதனை அழைப்பர். மலேசியாவில் வழங்கும் மின்சாரம் நொடிக்கு 50 அலைவுகளையுடையது. ஆகவே மின்னாக்கியோடு நேரே இணைந்த பெருஞ்சுழலி நிமிடத்திற்கு 3,000 முறை சுழல வேண்டும். எரியறையைவிட்டு இதழ்களை நோக்கி வரும் வாயுவின் வெப்பமோ 1,100 பாகை செல்சியசையும் தாண்டும். வெப்பம் மிகுந்தால் இதழ்கள் கெடும். வேகம் அளவிறந்தால் சுழலும் உறுப்புகள் பிய்ந்து பறக்கும். ஆற்றலைப் பெருக்குவதினும் அதனை அளவில் நிறுத்துவதே இங்குப் பெரும்பணி.

1980களில் திரங்கானு மாநிலத்துப் பாக்காவிலும் பின்னர்ப் பிற இடங்களிலும் இயற்கை எரிவாயுவால் இயங்கும் மின்நிலையங்கள் எழுந்தன. ஒரு நிலையம் திடுமென விலகினால் அதன் சுமை மற்றவற்றின் தலையில் விழும். 1996 ஆகஸ்டு 3ஆம் நாள் தீபகற்ப மலேசியா முழுவதும் இருளில் மூழ்கியதை முதியோர் மறந்திருக்கமாட்டார். பாக்காவை ஒட்டிய மின்தொடரில் தோன்றிய தடையே அன்றைய இருளுக்குத் தொடக்கம். அது கட்டுப்பாட்டுப் பெட்டியின் குற்றமன்று. எனினும், ஓரிடத்துத் தடை நாடு முழுவதையும் இருட்டில் ஆழ்த்தவல்லது என்பதை அந்நாள் காட்டிச் சென்றது.

சுழலும் பொறியின் வேகத்தைத் தானே அளந்து தானே அடக்கும் அமைப்பு புதியதன்று. நீராவிப் பொறியின் வேகத்தைச் சீராக்க, சுழலும் இரு குண்டுகளைக் கொண்ட ஆளுவிசையை ஜேம்ஸ் வாட் 1788இல் பயன்படுத்தினார். வேகம் கூடினால் குண்டுகள் விரிந்து மேலெழும். நீராவியின் வழி குறுகும். ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின் அக்குண்டுகளின் இடத்தை மின்னணுவியல் பிடித்தது. அமெரிக்க நாட்டின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் தன் எரிவாயுச் சுழலிகளுக்கு ஸ்பீட்ரானிக் மார்க் ஒன்று என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டை 1968இல் கொணர்ந்தது. அவ்வழியில் வந்த மார்க் ஐந்து 1991இல் அறிமுகமாயிற்று. உலகின் பல நாட்டு மின்நிலையங்களில் பல்லாண்டுகள் அது பணியாற்றியது.

மார்க் ஐந்தின் பெட்டியைத் திறந்தால், அடுக்கடுக்காகப் பச்சை நிற மின்சுற்றுப் பலகைகள் தோன்றும். கார்டு என்பது பணியாளர் வழக்கு. பலகைகளிலிருந்து சாம்பல்நிறப் பட்டைக் கம்பிகள் நாற்புறமும் ஓடும். அங்கே ஆர், எஸ், டி என்னும் மூன்று எழுத்துகளால் பெயர்பெற்ற மூன்று கணினிகள் உள்ளன. மூன்றும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஒரே வேகத்தை மூன்றும் அளக்கின்றன. ஒரே கணக்கை மூன்றும் போடுகின்றன. பின்னர் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கின்றன. ஆம், இல்லை என்னும் வினாவாயின், இரண்டு எப்பக்கமோ அப்பக்கமே முடிபு. அளவு பற்றிய வினாவாயின், மூன்றனுள் நடுவாக நிற்கும் அளவே ஏற்கப்படும். ஒன்று பொய்யுரைத்தாலும் இரண்டு மெய்யுரைத்தால் சுழலி தடுமாறாது ஓடும்.

நம்பத்தகாத உறுப்புகளைக் கொண்டே நம்பத்தகுந்த அமைப்பைக் கட்டலாம் என்னும் கருத்தைக் கணித மேதை ஜான் வான் நியூமன் 1956இல் வெளிவந்த ஆய்வுரையில் விளக்கினார். திங்களுக்கு மனிதரை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் ஐந்து ஏவுகணையின் கணினியும் இம்மும்மை முறையில் அமைந்ததே. சுழலியில் இம்முறை கம்பிச்சுருள் வரைக்கும் செல்கிறது. எரிபொருளை அளந்துவிடும் வால்வை இயக்கும் கருவியில் மூன்று சுருள்கள் உண்டு. கணினிக்கு ஒன்றாக அவை இயக்கப்படுகின்றன. ஒரு கணினி தவறான திசையில் தள்ளினாலும் ஏனைய இரண்டும் எதிர்த்திசையில் இழுத்து வால்வை உரிய இடத்தில் நிறுத்தும்.

கேட்பதற்கு இனிய ஏற்பாடு இது. ஆயினும் இதனுள் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. ஒன்று தவறினால் சுழலி நிற்பதில்லை, விளக்கு அணைவதில்லை, எவரும் அலறுவதில்லை. திரையின் ஒரு மூலையில், மூன்றில் ஒன்று வேறுபடுகிறது என்னும் ஒற்றை வரி மட்டும் தோன்றும். ஓடுகிற சுழலியை ஏன் தொடுவானேன் என்று அவ்வரியை விட்டுவிட மனம் இடந்தரும். அவ்வாறு விட்ட நொடி முதல் மூன்று என்பது பெயரளவே. அடுத்த தவறு நேரும்போது தாங்குவதற்கு ஆளிராது.

இதனை நன்குணர்ந்த தொழில்நுட்பர் ஒருவர் தீபகற்ப மலேசியாவின் மின்நிலையம் ஒன்றில் பணியாற்றினார். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, இடைநிலைப்பள்ளி முடித்து, தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்னியல் கற்று வந்தவர். முப்பது ஆண்டுக்காலப் பணியில் அவர் பெயர் எந்தச் செய்தித்தாளிலும் வந்ததில்லை. இளையோர் அவரை அண்ணன் என்றே அழைத்தனர். சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு எப்போதும் இருக்கும். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து அதில் எழுதி வைப்பார். மொழிக்கலப்பைக் கண்டு தமிழாசிரியர் முகம் சுளிக்கலாம். எழுதியவருக்கோ உண்மை தப்பாமல் ஏட்டில் ஏறினால் போதும்.

ஒரு நாள் டி என்னும் கணினி முரண்பட்டது. சுழலியைவிட்டு வெளியேறும் புகையின் வெப்பத்தை அளக்க, வட்டமாக 24 வெப்ப இணைகள் பொருத்தப்பட்டிருந்தன. தெர்மோகப்பிள் என வழங்கும் அக்கருவிகள் எட்டெட்டாக மூன்று கணினிகளுக்கும் பகிரப்பட்டிருந்தன. டி கணினியைச் சார்ந்த எட்டும் மற்றவற்றினும் பதினைந்து பாகை குறைவாகக் காட்டின. அப்போது பணியிலிருந்த குழுவினர் அளக்கும் பலகை கெட்டதெனத் துணிந்து, கிடங்கிலிருந்த ஒரே மாற்றுப் பலகையைப் பொருத்தினர். வெப்பம் சரியாகக் காட்டிற்று. பதிவேட்டில் "பலகை மாற்றப்பட்டது, குறை நீங்கிற்று" என்று எழுதிக் கையொப்பமிட்டனர். எடுத்த பலகையைப் பழுதானது என்று கிடங்கில் இட்டனர்.

மூன்றாம் நாள் அதே எட்டும் அதே பதினைந்து பாகை குறைந்தன.

புதிய பலகையும் கெட்டுவிட்டது என்று இளைஞர் ஒருவர் முடிவு கட்டினார். வெளிநாட்டிலிருந்து வேறொன்று தருவிக்க விண்ணப்பமும் எழுதத் தொடங்கினார். அண்ணன் அவர் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார்.

"தம்பி, இரண்டு கார்டுக்கும் ஒரே நோய், ஒரே அளவில் வருமா?"

"போன முறை மாற்றியதும் சரியாகிவிட்டதே, அண்ணே!"

"மாற்றியபோது கார்டை மட்டுமா தொட்டார்கள்?"

இளைஞர் விடை சொல்லவில்லை. அண்ணனும் விளக்கவில்லை, பதிவேட்டை எடுத்து அவர் முன் வைத்தார். இருவரும் மணிவாரியாக அளவுகளைப் படித்தனர். குறைவு எப்போது தொடங்கியது? எட்டும் ஒருங்கே குறைந்தனவா, ஒன்றன்பின் ஒன்றாகவா? எரியறையில் தீ குன்றியிருந்தால் வட்டத்தின் ஒரு பகுதியில் அடுத்தடுத்து நிற்கும் இணைகள் குறைவு காட்டும். அவை மூன்று கணினிகளுக்கும் கலந்தே உரியனவாக இருக்கும். இங்கோ வட்டம் முழுவதும் சிதறி நின்ற எட்டும் ஒரே கணினியைச் சார்ந்தவை. எனவே குற்றம் தீயில் இல்லை. எட்டும் தனித்தனியே ஒரே அளவில் கெடுதல் இயல்பன்று. எனவே குற்றம் வெப்ப இணைகளிலும் இல்லை. எட்டிற்கும் பொதுவாக உள்ளது எது?

வெப்ப இணை நேரே வெப்பத்தைக் காட்டுவதன்று. இரு உலோகக் கம்பிகளின் சூடான முனைக்கும் குளிர்ந்த முனைக்கும் உள்ள வேறுபாட்டையே அது மின்னழுத்தமாகத் தருகிறது. குளிர்முனையின் வெப்பத்தைத் தனியே அளந்து கூட்டினால்தான் உண்மை அளவு கிட்டும். அதற்கெனக் கம்பிகள் வந்து சேரும் முனைப்பலகையில் சிறு உணர்வி ஒன்று உண்டு. அதன் செய்தி பட்டைக் கம்பியின் ஓரிழை வழியாக அளக்கும் பலகைக்குச் செல்கிறது. அச்செய்தி திரிந்தால் கூட்டப்படும் எண் திரியும். எட்டு அளவுகளும் ஒரே தொகையால் பிறழும். அன்றைய அறிகுறி முற்றும் இதனோடு பொருந்திற்று.

பட்டைக் கம்பியின் இணைப்புமுனையில் ஓர் ஊசி கறுத்திருந்தது. ஈரக்காற்று மிகுந்த நாட்டில், குளிரூட்டி நின்று நின்று ஓடும் அறையில், உலோகத்தின்மேல் மெல்லிய களிம்பு படர்தல் வியப்பன்று. முன்னர்ப் பலகையை மாற்றியவர்கள் இணைப்பைப் பிடுங்கி மீண்டும் செருகியபோது, உராய்வினால் களிம்பு சற்றே அகன்றது. அதனால்தான் குறை நீங்கியதுபோல் தோன்றிற்று. நலம் தந்தது புதிய பலகையன்று, செருகிய கை. அக்கை செய்த நன்மையைப் பலகையின் கணக்கில் எழுதியதே பிழை. பயன் விளைந்துவிட்டது என்பதனாலேயே காரணம் விளங்கிவிட்டதாகாது என்பதை இளைஞர் அன்று கண்டார்.

கம்பியை மாற்றும் பணியும் எளிதன்று. சுழலியை நிறுத்திவிட்டுச் செய்வதே மேலானது. நிறுத்த இயலாதபோது, உரிய அனுமதி பெற்று, டி கணினிக்குச் செல்லும் மின்சாரத்தை மட்டும் அணைத்துச் செய்ய இவ்வமைப்பு இடந்தருகிறது. ஆனால் மூன்று கணினிகளின் மின்விசைகளும் ஓரிடத்தில் பக்கத்துப் பக்கத்தில் உள்ளன. டி விலகிய நிலையில் கைதவறி எஸ்ஸையும் அணைத்தால் இரண்டு வாக்குகள் போய்விடும். சுழலி அந்நொடியே நின்றுவிடும். ஆகவே ஆர், எஸ் இரண்டின் விசைகள்மேலும் சிவப்பு நாடா ஒட்டப்பட்டது. அண்ணன் கையை வைத்தார். எழுத்தை உரக்கப் படித்தார். இளைஞர் எதிர்நின்று அதனைத் திரும்பப் படித்தார். அதன் பின்னரே விசை அசைந்தது. முப்பதாண்டு அனுபவம் உடையவர் ஓர் எழுத்தை உரக்கப் படிக்க நாணவில்லை.

பலகையைக் கழற்றுவதிலும் ஒழுங்கு உண்டு. மணிக்கட்டில் நிலத்தோடு இணைந்த பட்டை கட்டப்பெறும். மனித உடலில் தங்கும் நிலைமின்சாரம் சுமார் 3,000 வோல்ட்டை எட்டும்வரை அதன் பாய்ச்சலைக் கை உணர்வதில்லை. நுண்சில்லுகளிற் சில 100 வோல்ட்டுக்கும் குறைவானதிலேயே கெட்டுவிடும். உணராமலே கெடுத்துவிட முடியும் என்பதே இதன் கொடுமை. கெட்ட சில்லு உடனே சாவதும் இல்லை. சில திங்கள் ஓடிப் பின்னர் மடிவதும் உண்டு. அடுத்து, பழைய பலகையில் ஜம்பர் எனப்படும் சிறு இணைப்பிகள் எந்தெந்த ஊசிகளில் நிற்கின்றனவோ அவ்வாறே புதியதிலும் அமைத்தல் வேண்டும். சில பலகைகளில் அந்தச் சுழலிக்கே உரிய எண்கள் பொதிந்த நினைவுச் சில்லுகள் இருக்கும். அவற்றைப் பழையதிலிருந்து கழற்றிப் புதியதில் திசைமாறாமல் பதித்தல் வேண்டும். இவற்றை விடுத்துப் பொருத்திய பலகை, உருவில் ஒன்றாயினும் அறிவில் வேற்றாளே.

மின்சாரம் மீண்ட பின்னும் அவசரம் கூடாது. கணினி தன்னைத் தானே சோதித்து, மற்ற இரண்டோடும் ஒத்துப் போய், ஏ7 என்னும் குறியைக் காட்டும்வரை காத்திருத்தல் வேண்டும். அன்றும் காத்திருந்தனர். குறி தோன்றிற்று, எட்டு அளவுகளும் ஏனைய பதினாறோடு ஒன்றின. குறை நீங்கியது என்று எழுத இளைஞர் பேனாவை எடுத்தபோது அண்ணன் தடுத்தார். முன்னம் மூன்று நாள் ஏமாற்றிய குறை அது. பத்து நாள் கழிந்த பின்னரே அவ்வரி எழுதப்பட்டது.

இத்துணை விழிப்பு மிகையோ என ஐயுறுவார்க்கு வரலாறு விடை கூறும். தமிழகத்துச் சேலமன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலும் சேலம் என ஓர் ஊரின் பெயர் தாங்கிய அணுமின் நிலையம் உண்டு. அதன் இரண்டாம் அலகில் 1991 நவம்பர் 9ஆம் நாள், நீராவிச் சுழலியின் காப்பமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்தனர். சோதனைக்காக ஒருவகைக் காப்பு விலக்கி வைக்கப்பட்டிருந்தது. அவ்வேளையில் சுழலியை நிறுத்த நேர்ந்தது. துணைக்கென வைத்திருந்த மின்காந்த வால்வுகளோ ஒன்றன்று, பலவும் சிக்கிக்கொண்டு அசையவில்லை. நிமிடத்திற்கு 1,800 முறை சுழல வேண்டிய சுழலி ஏறத்தாழ 2,900ஐ எட்டிற்று. இதழ்கள் உடைந்து கூட்டைத் துளைத்துப் பறந்தன, மின்னாக்கியில் தீப்பற்றியது. அணு உலைக்குக் கேடு நேராததும் உயிர்கள் தப்பியதும் பெரும்பேறு. ஒன்று தவறினால் மற்றொன்று காக்கும் என்று வைத்த துணைகள் அத்தனையும் ஒருங்கே உறங்கிக் கிடந்தன. துணை இருப்பது காப்பன்று; துணை விழித்திருக்கிறதா என்று பார்க்கும் ஆள் இருப்பதே காப்பு.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் நோயையும் அதன் வேரையும் ஆராய்வதை முன்வைத்துத் தீர்க்கும் வழியைப் பின்வைத்தார். வரிசையை மாற்றுவோர் மருத்துவத்தில் மட்டும் இல்லை. வகுப்பறையிலும் இருக்கின்றனர். மாணவன் கணக்கைத் தவறாகப் போடுகிறான். ஆசிரியர் சிவப்பு மையால் அடித்துச் சரியான விடையை எழுதித் தருகிறார். மறுநாள் அவன் அக்கணக்கைச் சரியாகப் போடுகிறான். குறை நீங்கிற்று என்று ஏட்டில் எழுதிவிடலாம். மூன்றாம் நாள் வேறு எண்களோடு அதே பிழை வரும். அவன் கடன்வாங்கிக் கழித்தலை இரண்டாம் ஆண்டிலேயே பிறழக் கற்றிருக்கக் கூடும். அல்லது கரும்பலகை எழுத்து அவன் கண்ணுக்குத் தெளியாதிருக்கக் கூடும். விடையை மாற்றித் தருதல் ஒரு நிமிட வேலை. பிழையின் வேரைத் தேடுதல் ஒரு பிற்பகலையே விழுங்கிவிடும். அந்தப் பிற்பகலைத் தருபவரே ஆசிரியர்.

நாற்பது பேர் அமர்ந்த வகுப்பில் முப்பத்தொன்பது பேர் தலையசைக்க, ஒருவன் மட்டும் விழிப்பதுண்டு. பெரும்பான்மையின் வழியே பாடம் நடப்பது தவிர்க்க இயலாதது. சுழலியும் அவ்வாறே ஓடுகிறது. ஆனால் பாடம் முடிந்த பின் அந்த ஒருவனிடம் சென்று கேட்பார் வேண்டும். மும்மை முறையை அமைத்தவர்கள் முரண்பட்ட வாக்கைத் தள்ளிவிட்டதோடு நில்லாமல், இன்னது முரண்பட்டது என்று திரையில் எழுதவும் செய்தனர். அந்த ஒற்றை வரியைப் படிக்க ஒரு மனிதன் வருவான் என்பது அவர்களின் நம்பிக்கை.

பழைய தலைமுறைப் பலகைகளைப் புதிதாகப் பெறுதல் இன்று அரிது. பிற நிலையங்களில் கழித்தவற்றைப் புதுப்பித்துப் பயன்படுத்துவோர் பலர். அதனினும் அரிதாகி வருவது அவற்றின் குறிப்பறிந்த மனிதர். ஒருவர் ஓய்வு பெற்றுச் செல்லும்போது, எந்த ஊசி கறுக்கும், எந்தத் திருகு அதிர்வில் தளரும், எந்த நண்பகலில் எந்த அளவு பிறழும் என்னும் அறிவும் வாயிலைக் கடந்து செல்கிறது. எழுதி வைத்தால் எஞ்சும். எழுதாதது அவரோடு போகும்.

அன்று பணி முடிந்ததும் அண்ணன் கிடங்கிற்குச் சென்றார். முதலில் கழற்றிய பலகை, பழுதானது என்னும் ஒற்றைச் சொல்லைச் சுமந்து அங்கே கிடந்தது. நல்ல பலகை கெட்டவற்றோடு கிடந்தால் ஒரு நாள் எறியப்படும். கெட்டது நல்லவற்றோடு கலந்தால் ஒரு நாள் சுழலியில் ஏறும். அதனைச் சோதனை மேசையில் வைத்து இருவரும் அளந்தனர், குறையேதும் இல்லை. நிலைமின்சாரம் தாக்காத உறையில் அதனை இட்டு, பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிய சீட்டை இளைஞரிடம் நீட்டினார். எந்த நாளில், எக்கணினியிலிருந்து, எக்காரணத்தால் கழற்றப்பட்டது. பின்னர் என்ன காணப்பட்டது என்று நான்கு வரிகள். கடைசி வரியில் இளைஞர் எழுதினார்: "பலகை நலமே. குற்றம் கம்பியில்."